முதுகை வரையக் கற்றுக்கொள்ளுங்கள்!

“எங்கே வலிக்குது?”

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி இது. வயிற்று வலி என்றால் விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்கள். முட்டுவலிக்காரர் வேஷ்டியை ஒதுக்கி முட்டையே நீட்டிவிடுவார். முதுகு வலிக்காரர்களைப் பாருங்கள்... கை பின்னால் போகும், பாதியில் நின்றுவிடும். “இன்னா, இங்கனதான்... இல்ல, கொஞ்சம் மேல... சரியாச் சொல்லத் தெரியல்ல சார்” என்பார்கள். கூட வந்த மனைவி, “நேத்து இடுப்புன்னுல்லா சொன்னிய?” என்று குறுக்கே விழுவார்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் உடம்பிலேயே இவ்வளவு பெரிய இடம், நம் கண்ணுக்குத் தெரியாத இடம், முதுகுதான். அதனால் அதைப் பார்க்க வேண்டிய வேலை கூட வாழ்கிறவர்களுடையது. கணவன் முதுகை மனைவி, பிள்ளை முதுகை அம்மா, பாட்டி முதுகைப் பேத்தி. சும்மா பார்த்தால் போதாது. எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்து வரைந்து பார்க்க வேண்டும்.

“எனக்குப் படம் போடத் தெரியாதே!” என்று பயப்படாதீர்கள். புள்ளிக்கோலம் போட்ட கை போதும். முதலில் புள்ளி, பிறகு கோடு. அவ்வளவுதான்.

நான் செய்த தவறு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? சில வருஷங்களுக்கு முன், தோவாளைப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் 12 வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூக்கட்டுகிற குடும்பம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பெண்ணும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பூக்கட்டும்.

“வலது தோள் நோவுதுங்கா சார். பையும் கனம். வீட்டுக்கு வந்தா குனிஞ்சே இருக்கா” என்றார் அம்மா.

காரணம் பொருத்தமாக இருந்தது. நானும் நம்பிவிட்டேன். சட்டைக்கு மேலாகவே தோளைத் தொட்டுப் பார்த்தேன். நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத காயத்திருமேனித் தைலத்தைக் கொடுத்து, தடவி, ஒற்றடம் வைக்கச் சொன்னேன். வலி குறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி தைலம். இப்படியே எட்டு மாசம் ஓடிவிட்டது.

ஒருநாள் அந்த அம்மா பேச்சோடு பேச்சாக, “டெய்லர் சொல்லுதாரு, இவளுக்குச் சுடிதார் ஒரு பக்கம் இறங்கி நிக்கி, ரெண்டு தோளும் ஒரே அளவில்லன்னு” என்றார். எனக்குத் திக்கென்றது. தையல்காரர் கண்ணில் பட்டது வைத்தியன் கண்ணில் படவில்லை!

அன்றுதான், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் முதுகை முதன்முதலாகப் பார்த்தேன். கழுத்திலிருந்து எலும்பு எலும்பாகப் புள்ளி வைக்கச் சொன்னேன். நேராக இறங்க வேண்டிய புள்ளிகள் நடு முதுகில் வலப்பக்கம் ஒதுங்கி, இடுப்புக்கு மேலே இடப்பக்கம் திரும்பியிருந்தன. எக்ஸ்-ரே எடுத்தபோது வளைவு 40 பாகையைத் தாண்டியிருந்தது. எலும்பு டாக்டர், “கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பெல்ட் போட்டு நிறுத்திப் பார்த்திருக்கலாம்” என்றார். அந்த எட்டு மாசத்துக்கு நான்தான் பொறுப்பு. வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு, முதுகு வலி என்று யார் வந்தாலும் முதலில் புள்ளி. மருந்து அப்புறம்.

பாட்டாவின் சுண்ணாம்பு

இத்தனைக்கும் எனக்கு முதுகு வரையச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். விளவங்கோடு தாலுகாவில் எங்கள் பாட்டா ஒரு வர்ம ஆசான். பனையிலிருந்து விழுந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓய்ந்த நேரத்தில் என் பெரியப்பா மகனைத் திண்ணையில் குப்புறப் படுக்க வைத்து, வெற்றிலைச் செல்லத்தில் விரலை விட்டுச் சுண்ணாம்பு தொட்டு, முதுகில் புள்ளி வைப்பார். துடைத்துவிட்டு என்னை வைக்கச் சொல்வார். ஒரு எலும்பு பிசகினால் மண்டையில் குட்டு!

“எல்லு எண்ணத் தெரியாதவன் எண்ணெயைத் தொடப்பிடாது, கேட்டியா மக்கா” என்பார். எங்கள் பக்கம் எலும்பை எல்லு என்போம். முதுகெலும்பு நட்டெல்லு.

வர்மங்கள் 108 என்பது நம் வைத்தியக் கணக்கு. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இவற்றின் இடத்தை ஆசான்மார் விரற்கடைக் கணக்கில் சொல்வார்கள். இந்த எலும்பிலிருந்து இத்தனை விரல் கீழே, இத்தனை விரல் பக்கத்தில் என்று. யார் விரல்? வைத்தியன் விரல் அல்ல, நோயாளியின் விரல். நெட்டையானவனுக்கு விரலும் பெரிது, குட்டைக்குச் சிறிது. அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் அளக்கத் தொடங்குகிற எலும்பு தெரியாவிட்டால் விரலை வைத்து என்ன செய்ய?

பிறகு பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போனேன். 1964-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே பிண அறுவைக் கூடத்தில் அதே எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தோம். மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து பழகினோம். பாட்டா ‘சிப்பி’ என்றதும் ஆங்கிலப் புத்தகம் ‘ஸ்காப்புலா’ என்றதும் ஒரே தோள்பட்டை எலும்புதான்! பெயர் வேறு, எலும்பு ஒன்று.

என்னென்ன வேண்டும்?

ஒரு புருவப் பென்சில், ஒரு முழத்துக்குக் கூடுதலான நூல், நூல் முனையில் கட்ட ஒரு சாவி, ஒரு நோட்டு. நல்ல பகல் வெளிச்சம். சுண்ணாம்பு வேண்டாம், தோல் வெந்துவிடும். முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பென்சில் கறை போய்விடும்.

பெண்பிள்ளைகளுக்கு அம்மாவோ பாட்டியோ அத்தையோ செய்ய வேண்டும். “உன் முதுகைப் பார்க்கட்டுமா?” என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டு, முதுகுப் பக்கம் பொத்தானைத் திறந்துகொண்டால் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது.

எட்டு அடையாளங்கள்

1. பிடரி மேடு: தலையை முன்னால் குனியச் சொல்லுங்கள். கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு தெரியும். கழுத்து எலும்புகள் ஏழில் இது கடைசி, ஏழாவது. சிலருக்கு இரண்டு மேடு தெரியும். எது ஏழாவது? இரண்டிலும் விரலை வைத்துக்கொண்டு தலையை மெதுவாக மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள். ஆறாவது எலும்பு விரலுக்கு அடியில் உள்ளே நழுவும். ஏழாவது நழுவாது. இங்கே முதல் புள்ளி.

2. நடுவரிசை: சற்றுக் குனிந்து நிற்க வைத்து, பிடரி மேட்டுக்குக் கீழே ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் புள்ளி வையுங்கள். மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. அவசரம் வேண்டாம். விரலை எடுக்காமல் நகர்த்துங்கள்.

3. சிப்பியின் மேல் வரப்பு: தோள்பட்டை எலும்பின் மேல்பகுதியில் குறுக்கே ஒரு வரப்பு ஓடும். அதன் உள்முனை, பிடரி மேட்டுக்குக் கீழே மூன்றாவது புள்ளிக்கு நேராக இருக்கும்.

4. சிப்பியின் கீழ்முனை: கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது, தோள்பட்டை எலும்பின் கீழ்க் கூர்முனை ஏழாவது புள்ளிக்கு நேரே வரும். இரண்டு பக்கமும் புள்ளி வையுங்கள்.

5. கடைசி விலா: விலா எலும்புக் கூட்டின் கீழ் ஓரத்தைத் தடவிக்கொண்டே நடுமுதுகை நோக்கி வாருங்கள். கடைசி விலாவும் முதுகெலும்பும் சேரும் மூலையில் ஒரு சின்னக் குறி. சிறுநீரகத்தின் வாசல் இது. வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுக் கீழே இருக்கும்.

6. இடுப்புக்கோடு: இடுப்பில் கை வைத்து நிற்பீர்கள் அல்லவா? கை ஊன்றுகிற அந்த எலும்பு விளிம்புகளின் உச்சியை இரண்டு பக்கமும் கண்டுபிடித்து, குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அது இடுப்பின் நாலாவது எலும்பையோ, அதற்கு அடுத்த இடைவெளியையோ தொடும். பிடரி மேட்டை விட்டுவிட்டு எண்ணினால் அது 16-வது புள்ளி. ஒன்று கூடக் குறைய வந்தால் பரவாயில்லை, பழகினவர் கைக்கே அப்படி வரும். மூன்று நாலு வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுங்கள்.

7. இரண்டு குழிகள்: இடுப்புக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும். எல்லாருக்கும் தெரியாது. தெரிந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. வால் எலும்பு: புட்டப் பிளவின் மேல் தொடக்கத்தில் கடைசிப் புள்ளி. வால் எலும்பு அதற்கு உள்ளே, இன்னும் கீழே இருக்கிறது.

பிறக்கும்போது முதுகெலும்புத் தொடரில் 33 எலும்புகள். வளர்ந்த பிறகு கீழே உள்ள ஐந்தும், வால் எலும்பு நாலும் தனித்தனியே ஒட்டிக்கொள்வதால் கணக்கு 26 ஆகிவிடும். ஆகவே எண்ணிக்கை குறைகிறதே என்று குழம்ப வேண்டாம்.

இனி இந்தப் புள்ளிகளை அப்படியே நோட்டில் வரைந்து தேதி போடுங்கள். செல்போனில் படம் எடுப்பதைவிட நோட்டுதான் பிள்ளைகளுக்குப் பத்திரம். கையால் வரைந்தால் கண்ணும் நன்றாகப் பார்க்கும்.

படம் என்ன சொல்கிறது?

பிள்ளையை நேராக நிற்க வைத்து, நூலைப் பிடரி மேட்டில் பிடித்துச் சாவியைத் தொங்க விடுங்கள். கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பாரே, அதே வேலைதான். நூல் புட்டப் பிளவின் நடுவில் விழ வேண்டும். வழியெல்லாம் புள்ளிகள் நூலை ஒட்டியே இறங்க வேண்டும்.

அடுத்து தோள்கள் ஒரே உயரமா, சிப்பியின் கீழ்முனைகள் ஒரே மட்டமா, தொங்கும் கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற சந்து இரண்டு பக்கமும் ஒரே அகலமா என்று பாருங்கள்.

கடைசியாக முக்கியமான சோதனை. பாதங்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலா மற்றதைவிட மேடாக எழும்பினால் டாக்டரிடம் போக வேண்டும். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-ல் எழுதிய சோதனை இது. இன்றைக்கும் டாக்டர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

இந்தப் பக்கவளைவுக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளர்கிற வயதில் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு 10 பாகைக்கு மேல் வளைவு இருக்கிறது. பெரும்பாலும் அது பெரிதாகாது, கவனித்து வந்தாலே போதும். பெரிதாகிற வளைவு பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அதுவும் மளமளவென்று உயரம் கூடுகிற 10 முதல் 15 வயதுக்குள். பல பிள்ளைகளுக்கு வலியே இருக்காது. அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

வளர்ச்சி மிச்சமிருக்கும்போது, 25-லிருந்து 40 பாகைவரை உள்ள வளைவுக்குப் பெல்ட் கொடுப்பார்கள். 2013-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது. அணியாதவர்களில் 48 சதவீதம்தான். நாளுக்கு எத்தனை மணி நேரம் அணிந்தார்களோ, அத்தனைக்குப் பலனும் கூடியது. வளர்ச்சி முடிந்துவிட்டால் பெல்ட்டுக்கு வேலை இல்லை. காலம் தப்பக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

ஒரு சித்த மருத்துவனாக இதையும் சொல்லிவிடுகிறேன். தைலம் தசையின் வலியைக் குறைக்கும். திரும்பிப்போன எலும்பை நிமிர்த்தாது. கனமான புத்தகப் பையால் முதுகு வலிக்கும், ஆனால் இந்த வளைவு பையால் வருவதில்லை. பூக்கட்டியதாலும் வருவதில்லை. “நான்தான் பிள்ளையக் கெடுத்தேன்” என்று அழுத அந்தத் தோவாளை அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

பெரியவர்களுக்கும் பயன்படும்

வலிக்கிற இடத்தைப் படத்தில் ஒரு பெருக்கல் குறியால் குறியுங்கள். ஐந்தாவது அடையாளத்தில், கடைசி விலா மூலையில் வலி. கூடவே குளிர்காய்ச்சல், சிறுநீர் எரிச்சல் என்றால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். வாயு என்று பூண்டு வறுத்துத் தின்று நாளைக் கடத்தாதீர்கள்.

நடுவரிசையில் ஒரே ஒரு முடிச்சு மட்டும் புடைத்து, தட்டினால் அங்கேயே வலித்து, சாயந்தரக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால், முதுகெலும்பு டிபியாக இருக்கலாம். 1779-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்த நோய் இது. அன்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. தாமதித்தால் கால் செயலிழக்கக்கூடும்.

வயதான அம்மாவுக்குத் திடீரென்று நடுமுதுகில் வலி, முதுகு வரவரக் கூன் விழுகிறது, உயரமும் குறைகிறது... எலும்பு தேய்ந்து நொறுங்கியிருக்கலாம். பெரிதாக விழ வேண்டும் என்பதில்லை, குனிந்து ஒரு குடம் தூக்கினாலே போதும்.

சிசேரியன் ஆன தாய்மார், “முதுகுல ஊசி போட்டதுலேருந்து இடுப்பு வலி” என்பார்கள். ஆறாவது அடையாளம், இடுப்புக்கோடு, அந்த ஊசிக்குத்தான் வழிகாட்டி. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழே போடப்படுகிறது. 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் தொடங்கிவைத்த முறை. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசை, குனிந்தே பால் கொடுப்பது, பிள்ளையை இடுப்பில் சுமப்பது, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது முதுகையும் பாருங்கள். புட்டப் பிளவுக்கு மேலே நடுக்கோட்டில் முடிக்கற்றையோ, ஆழமான குழியோ, கட்டியோ இருந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படம் வரைய உட்கார வேண்டாம்.

செய்யக் கூடாதவை

புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டீர்கள். அதே இடத்தில் அமுக்கக் கற்றுக்கொள்ளாதீர்கள். வர்மம் என்று சொல்லிக் கட்டைவிரலை ஊன்றுவதும், பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், பிடரியைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். ஆசான்மார் இந்த இடங்களைப் பல வருஷம் கூடவே இருந்த சீடனுக்குத்தான் காட்டினார்கள். காரணமில்லாமலா?

தோள் கொஞ்சம் ஏறி இறங்கி இருந்தவுடன் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். நிற்கிற பழக்கத்தாலும், கால் நீளத்தில் சின்ன வித்தியாசத்தாலும் அப்படித் தெரியும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். குனிந்தால் மேடு தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். 10 முதல் 15 வயதுவரை ஆறு மாசத்துக்கு ஒரு படம் போதும்.

அந்தத் தோவாளைப் பெண்ணுக்குத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் ஆகி, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன ஆவணியில் அவள் அம்மா வந்தார். மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இளைய மகளின் முதுகு! ஆறு மாசத்துக்கு ஒன்றாக நாலு படம், எல்லாம் தேதியோடு. வரைந்தது யார் தெரியுமா? மூத்தவள்தான்.

“நேராத்தான் இருக்கா சார்? ஒருக்க பாத்துச் சொல்லுங்க” என்றார்.

புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.